எரிபொருள் தேவையில்லை

கனகரத்தினம் சேரோடை எனக்குக் கோபமோ எண்டு ஆரும் கேட்டால், ஓம், கோபம்தான். தொண்ணூற்றி நாலாம் ஆண்டு ஆவணி மாசம் முழுக்க அந்தக் கோபத்தோடைதான் நான் அடுப்பு மூட்டினன், சைக்கிள் உழக்கினன், பல்கலைக்கழகத்திலை சமூகவியல் படிப்பிச்சன். கோபம் வந்தால் எனக்குக் கை துருதுருக்கும். சேலைத் தலைப்பை இழுத்துச் செருகிக்கொண்டு நடந்தன் எண்டால், பராசக்தி ரீச்சர் ஆரோடையோ கொழுவப் போறா எண்டு கொக்குவில் சந்தியிலை நிக்கிறவைக்கும் விளங்கும்.

விசயம் இதுதான். விஞ்ஞானமும் தொழில்நுட்பமும் சமூகத்திலை என்ன தாக்கம் செய்யுது எண்டு ஆராயிற ஆக்களுக்குக் காசு குடுக்கிறம் எண்டு கொழும்பிலை ஒரு நிதியம் எல்லாப் பல்கலைக்கழகங்களுக்கும் அறிவிச்சிருந்தது. ஒரு பல்கலைக்கழகத்திலையிருந்து ஒரு விண்ணப்பம்தான் போகலாம். எங்கடை இடத்திலை அதைப் பாத்துக் கையெழுத்துப் போட்டு அனுப்பிற கொம்மிற்றிக்குத் தலைவர், பௌதிகப் பேராசிரியர் கனகரத்தினம். மற்ற ரெண்டு அங்கத்தவரும் அவர் தலையாட்டினால் ஆட்டுவினம், அவர் இருமினால் இருமுவினம்.

அறிவித்தல் வந்த கையோடை நானும் ஸ்ரெல்லாவும் எழுதத் துவங்கிட்டம். ஸ்ரெல்லா பௌதிகத்திலை தற்காலிக உதவி விரிவுரையாளர். குருநகர்ப் பிள்ளை. ஷெல்லடிக்கு அங்கையிருந்து எழும்பி, தாய் லூர்த்தம்மாவோடை கொக்குவிலிலை எங்கடை ஒழுங்கையிலை வந்திருந்தாள். அவளின்ரை ஒப்பந்தம் புரட்டாதியோடை முடியுது. பிரான்சிலை இருக்கிற தமையன், ஏஜென்சிக்குக் கட்டியாச்சு, வெளிக்கிட்டு வா எண்டு ஒற்றைக் காலிலை நிக்கிறான். அவளுக்குப் போக மனமில்லை.

"நான் இஞ்சை படிப்பிக்கிறதுக்குத்தான் படிச்சனான் அக்கா. அங்கை போய்க் கோப்பை கழுவ இல்லை" எண்டு என்னட்டை மட்டும் சொல்லுவாள்.

ஆய்வு விண்ணப்பத்திலை இணை ஆய்வாளர் எண்டு பேர் இருந்தால், முடிவு வருமட்டும் பதவியை நீட்டலாம் எண்டு ஒரு விதி இருந்தது. காசு கிடைச்சால் ஆய்வு முடியுமட்டும் நிக்கலாம். ஆகையாலை எங்களுக்கு வேண்டினது ஒண்டே ஒண்டு. அவளின்ரை பேரோடை அந்த விண்ணப்பம் கையெழுத்தாகிக் கொழும்புக்குப் போகவேணும்.

தலைப்பும் அவள் வைச்சதுதான். 'இயந்திரம் நின்ற பின் வேலை யாரிடம் போனது?'

கரண்ட் போய் நாலு வருசம் ஆச்சு. சண்டை நடக்கிற வடக்குக்கு அரசாங்கம் ஒண்டையும் விடேல்லை: மண்ணெண்ணெய்க்குத் தடை, பற்றரிக்குத் தடை, சவுக்காரத்துக்குத் தடை. சனம் சும்மா இருக்கேல்லை. கள்ளமாய் வந்த மண்ணெண்ணெயிலை மோட்டர்சைக்கிளை ஓட்டினவை. ஜாம் போத்திலிலை விளக்குச் செய்தவை. எங்கடை ஆக்களின்ரை மூளையைப் பாருங்கோ எண்டு எல்லாரும் நெஞ்சை நிமித்திக்கொண்டு திரிஞ்சவை. நானும்தான் திரிஞ்சன், ஏன் பொய் சொல்லுவான். ஆனால் மில்லு நிண்ட பிறகு மிளகாய்த்தூளை ஆர் இடிச்சது? தண்ணி மோட்டருக்குச் சாக்குப் போத்து மூடின பிறகு கிணத்திலை ஆர் அள்ளினது? ஐஸ் கிடைக்காமல் போன பிறகு மீனைக் கீறி உப்பிலை போட்டது ஆர்? லூர்த்தம்மாவின்ரை ரெண்டு உள்ளங்கையும் உப்பிலை வெடிச்சுக் கிடக்கும். அந்தக் கையைப் பாத்துத்தான் ஸ்ரெல்லாவுக்கு இந்தக் கேள்வியே வந்தது.

ரெண்டு பேரும் வீடு வீடாய்ப் போனம். நல்லம்மா மாமி, "இருந்து கதைக்க எனக்கு நேரமில்லை. கேக்கிறதெண்டால் ஆளுக்கொரு உலக்கையைப் பிடிச்சுக்கொண்டு கேளுங்கோ" எண்டா. பிடிச்சுக்கொண்டுதான் கேட்டம். அண்டைக்கு முழுக்கத் தும்மிக்கொண்டு திரிஞ்சம்.

எங்கடை ஒழுங்கையிலை எல்லாருக்கும் தெரிஞ்ச இயந்திரம் கனகரத்தினம் சேர் வீட்டு றேடியோ. அதைப் பற்றியும் ஒரு பக்கம் எழுதினம். வினை அங்கைதான் துவங்கினது.

அந்த றேடியோ சேரின்ரை சொந்தக் கண்டுபிடிப்பு. விறாந்தையிலை ஒரு சைக்கிளைத் தலைகீழாய்க் கவிட்டு வைச்சிருப்பார். பெடலைக் கையாலை சுத்தினால் சில்லு ஓடும், சில்லு டைனமோவை ஓட்டும், டைனமோவிலையிருந்து வயர் போய் றேடியோ கதைக்கும். உப்பிடி வேறை வீடுகளிலும் இருந்ததுதான். சேர் அதிலை ஒரு கொண்டென்சரைப் பூட்டிச் சத்தம் ஏறாமல் இறங்காமல் ஒரே சீராய் வரச் செய்திருந்தார். அதுதான் அவற்றை பெருமை. பின்னேரம் விளக்கு வைக்கிற நேரத்துக்கு ஒழுங்கை ஆம்பிளையள் எல்லாம் செய்தி கேக்க வந்து கதிரையளை நிரப்பிப்போடுவினம். சேர் நடுவிலை தன்ரை சாய்மனைக் கதிரையிலை இருப்பார்.

பெடலைச் சுத்துறது அவற்றை மனுசி பத்மாவதி அக்கா.

அவ ஒரு பள்ளிக்கூடத்திலை கணிதம் படிப்பிக்கிறவ. பகல் முழுக்கப் படிப்பிச்சு, வந்து சமைச்சு, பிறகு ஒரு முக்காலியைப் போட்டுக்கொண்டு சைக்கிளுக்குப் பக்கத்திலை இருந்து சுத்துவா. கவிட்டுக் கிடக்கிறதும் அவவின்ரை லேடீஸ் சைக்கிள்தான். சேரின்ரை சைக்கிள் சேருக்கு வேணுமாம். அதாலை அக்கா பள்ளிக்கூடத்துக்கு நடை. ஸ்ரெல்லா கேள்வி கேக்கப் போனபோது, மணிக்கட்டிலை சுத்தியிருந்த துணியைச் சேலைத் தலைப்பாலை மூடிக்கொண்டு, "எனக்கு ஒண்டுமில்லைப் பிள்ளை. செய்தி நேரம் மட்டும்தானே" எண்டு சொன்னவ. நாங்கள் துணியையும் எழுதினம்.

விண்ணப்பம் சேரிட்டையிருந்து திரும்பி வந்தபோது அது எங்கடை விண்ணப்பமாய் இருக்கேல்லை. தலைப்பை வெட்டி, 'தடையை வென்ற தொழில்நுட்பம்' எண்டு சிவப்பு மையிலை எழுதியிருந்தார். முதன்மை ஆய்வாளர் எண்ட இடத்திலை அவற்றை பேர். அதுக்குக் கீழை நான். ஸ்ரெல்லா கடைசியிலை, 'உதவியாளர்'. மில்லு, கிணறு, கருவாடு எல்லாத்துக்கும் குறுக்காலை ஒரே கோடு. றேடியோப் பக்கத்தை மட்டும் விட்டிருந்தார், அதிலையும் பத்மாவதி அக்காவைக் காணேல்லை. அந்த இடத்திலை 'எரிபொருள் தேவையில்லை. இயக்கச் செலவு இல்லை' எண்டு அழகான கையெழுத்திலை எழுதிக் கிடந்தது.

எனக்கு உச்சியிலை ஏறிட்டுது. நேரை அவற்றை அறைக்குப் போனன்.

"பராசக்தி, நீர் எழுதினது முறைப்பாடு. ஆராய்ச்சியில்லை" எண்டார், நான் வாய் திறக்க முதலே.

"வேலை ஆரிட்டைப் போனது எண்டு கேக்கிறது முறைப்பாடே சேர்?"

"உரலும் உலக்கையும் தொழில்நுட்பமே? கொழும்பிலை வாசிக்கிறவன் சிரிப்பான். எங்களை வில்லங்கப்படுத்த வெளிக்கிட்டவைக்கு முன்னாலை நாங்கள் என்னத்தைக் கண்டுபிடிச்சு நிமிந்து நிண்டம் எண்டு காட்டவேணும். குசினிக்குள்ளை கை நோகுது, கால் நோகுது எண்டு போய் அழுறதே?"

மனுசன் கெட்டவரில்லை. அதையும் சொல்லத்தான் வேணும். லண்டனிலை வேலை கூப்பிட்டும் போகாமல், எங்களோடை பங்கருக்குள்ளை குந்தியிருந்து படிப்பிச்சவர். ஆனால் தன்ரை மூளையைத் தவிர வேறை ஒருத்தற்றை உடம்பும் அவற்றை கண்ணுக்குத் தெரியாது.

"சரி, ஸ்ரெல்லாவின்ரை பேரை ஏன் வெட்டினனீங்கள்?"

"வெட்டேல்லையே. கீழை கிடக்குது."

"உதவியாளருக்குப் பதவி நீட்டமாட்டினம். அது உங்களுக்குத் தெரியும்."

அவர் கண்ணாடியைக் கழட்டித் துடைச்சார். "அந்தப் பிள்ளைக்குப் பிரான்சுக்குப் போற வழி இருக்கு. போய்த் தப்பட்டுமன். நாங்கள் ஏன் மறிப்பான்?"

"அவள் போகமாட்டன் எண்டு நிக்கிறாள் சேர். நீங்கள் அனுப்பிற மாதிரியெண்டால் அதிலை என்ரை பேரும் வேண்டாம். நான் கையெழுத்து வைக்கமாட்டன்."

"அப்ப ஒண்டும் போகாது. வியாழன் விடிய நாகலிங்கம் மாஸ்டர் கிளாலியாலை வள்ளமேறிக் கொழும்புக்குப் போறார். அவரோடை அனுப்பாட்டில் முடிவு திகதிக்குப் போய்ச் சேராது. அதுக்குள்ளை நல்லா யோசிச்சுப்போட்டு வாரும்."

நாகலிங்கம் மாஸ்டர் இளைப்பாறின தமிழ் வாத்தியார். பென்சன் அலுவலாய்ப் போறார். ஒழுங்கைச் சனத்தின்ரை கடிதமெல்லாம் அவற்றை பையிலைதான் போகுது.

நான் யோசிக்கேல்லை. வீட்டை வந்து, மை வத்தின றிபனோடை மல்லுக்கட்டி, எங்கடை விண்ணப்பத்தைப் பழையபடி முழுக்க ரைப் பண்ணினன். சிவப்பு மை பட்ட ஒரு வரியையும் நான் விடேல்லை. ஸ்ரெல்லா பக்கத்திலை நிண்டு பாத்துப்போட்டு, "விடுங்கோ அக்கா. அவர் கேட்டபடி போகட்டும். காசாவது வரும். நான் போறன்" எண்டாள்.

"வாயை மூடிக்கொண்டு அந்தத் தாளைப் பிடி" எண்டன். வேறை என்னத்தைச் சொல்ல? எனக்கு அழுகை வந்தது. ஆத்திரத்திலை வந்த அழுகை.

புதன் பின்னேரம் ரெண்டு பேரும் சேர் வீட்டை போனம். அண்டைக்கு விறாந்தையிலை வழமையிலும் பாக்கக் கூடச் சனம். தடையிலை சில சாமானை விடப்போறாங்களாம், லிஸ்றைச் செய்தியிலை வாசிக்கப் போறாங்களாம் எண்டு காலமையிலையிருந்து ஒரே கதை. கடைக்கார ஏரம்பர் உடுப்பிட்டியிலையிருந்து வந்த மருமோனையும் கூட்டிக்கொண்டு முன்கதிரையிலை இருந்தார். கொம்மிற்றி அங்கத்தவர் நமசிவாயம் சேரும் இருந்தார். பற்றரி வருமோ வராதோ எண்டதுதான் எல்லாற்றை வாயிலும்.

எங்களைக் கண்டதும் கனகரத்தினம் சேர், "செய்தி முடியட்டும் பராசக்தி" எண்டு கையைக் காட்டினார். நாங்கள் குசினிப் பக்கம் போனம்.

பத்மாவதி அக்கா தேத்தண்ணி ஊத்திக்கொண்டு நிண்டவ. பனங்கட்டியைக் கடிச்சுக் குடிக்கச் சொல்லித் தந்துபோட்டு, "உங்கடை விண்ணப்பத்துக்கு என்ன நடந்தது?" எண்டு கேட்டா.

"சேர் வெட்டிப்போட்டார்."

"என்னத்தை வெட்டினவர்?"

"எல்லாத்தையும்தான். உங்களைப் பற்றி எழுதினதையும் வெட்டிப்போட்டார்."

"என்னைப் பற்றி என்ன எழுதினனீங்கள்?"

ஸ்ரெல்லா எங்கடை தாளை எடுத்து அந்தப் பக்கத்தை நீட்டினாள். அக்கா கையைத் துடைச்சுப்போட்டு அடுப்பு வெளிச்சத்திலை குனிஞ்சு வாசிச்சா. துணியைப் பற்றி எழுதின இடத்திலை கொஞ்சம் நிண்டா. "இதுக்குப் பதிலாய் அவர் என்ன எழுதினவர்?" எண்டு கேட்டா. நான் சொன்னன். தாளைத் திருப்பித் தந்துபோட்டு வெளியிலை போய், முக்காலியை இழுத்துப் போட்டு, சுத்தத் துவங்கினா.

நாங்கள் வாசல் நிலையிலை சாஞ்சு நிண்டம்.

செய்திக்கு இன்னும் நேரம் கிடந்தது. றேடியோவிலை ஏதோ பாட்டு. ஏரம்பரின்ரை மருமோன் இந்த றேடியோவை முதல்முதல் காணிறவர். எழும்பி வந்து குனிஞ்சு பாத்து, "இது என்னெண்டு சேர் வேலை செய்யுது?" எண்டு கேட்டார். சேருக்கு முகம் மலந்திட்டுது. கதிரையை விட்டு எழும்பி, வயரைக் காட்டி, டைனமோவைக் காட்டி, கொண்டென்சரைக் காட்டி ஒரு விரிவுரையே வைச்சார். காட்டுற விரல் பத்மாவதி அக்காவின்ரை தோளுக்கு மேலாலையும் முழங்கைக்குக் கீழாலையும் போய் வந்தது.

"எரிபொருள் தேவையில்லை. சதம் செலவில்லை. ஒருக்கால் பூட்டிவிட்டால் சரி, தம்பி, அது தன்ரை பாட்டிலை ஓடும்."

"அருமை சேர்" எண்டார் மருமோன்.

அக்கா நிமிந்து ஒருக்கால் சேரைப் பாத்தா. பிறகு என்னைப் பாத்தா. கை மட்டும் ஓடிக்கொண்டிருந்தது.

செய்தி துவங்கினது. விறாந்தை அடங்கினது. முதல் எங்கையோ ஒரு கூட்டம், ஆரோ ஒரு மந்திரி. பிறகு வாசிக்கிறவர், வடக்குக்குக் கொண்டுபோக அனுமதிக்கப்படவிருக்கும் பொருள்கள் எண்டு சொல்ல, இருந்தவையெல்லாம் கதிரை நுனிக்கு வந்திட்டினம். ஏரம்பர் காதுக்குக் கையைப் பிடிச்சார். சவர்க்காரம் எண்டது. சைக்கிள் ரயர் எண்டது. அடுத்தது பானாவிலை என்னவோ துவங்கினது.

பத்மாவதி அக்கா பெடலிலையிருந்து கையை எடுத்தா.

சேரின்ரை கொண்டென்சர் ஒரு கொஞ்சம் இழுத்துக் குடுத்தது. வாசிச்சவற்றை குரல் மெலிஞ்சு, கிணத்துக்குள்ளை போன மாதிரிப் போய், நிண்டிட்டுது. சில்லு மட்டும் இன்னும் ஒருக்கால் சுத்தி ஓய்ஞ்சுது.

"இஞ்சரும், என்ன செய்யிறீர்? சுத்தும், சுத்தும்" எண்டார் சேர்.

"எரிபொருள் முடிஞ்சுது" எண்டா அக்கா.

"பகிடி விடுற நேரமே? லிஸ்ற் வாசிக்கிறான்."

"நான் பகிடி விடேல்லை. தன்ரை பாட்டிலை ஓடும் எண்டு நீங்கள்தானே தம்பிக்குச் சொன்னனீங்கள். ஓடட்டும்."

அவ முக்காலியிலையிருந்து எழும்பினா. நேரை போய்ச் சேரின்ரை சாய்மனைக் கதிரையிலை, இத்தனை ஆம்பிளையளுக்கு நடுவிலை, நல்லாச் சாஞ்சு இருந்தா. மணிக்கட்டுத் துணியை அவிழ்த்து மடியிலை போட்டா. கை வீங்கிக் கிடந்தது. எல்லாரும் பாத்தவை. பாத்துப்போட்டு றேடியோவைப் பாத்தவை.

முதல் பாய்ஞ்சது நமசிவாயம் சேர்தான். பெடலைப் பிடிச்சு விசர் பிடிச்ச மாதிரிச் சுத்த, டைனமோ சில்லிலை வழுக்கிக் கீச்சிட்டுது. ஏரம்பர் அவரைத் தள்ளிப்போட்டுத் தான் பிடிச்சார். அவற்றை தொந்தி வண்டி குறுக்கை நிண்டதாலை குனிய முடியேல்லை. றேடியோ ஒரு சொல்லுச் சொல்லும், ரெண்டு சொல்லை விழுங்கும். "பற்றரி எண்டவனோ?" எண்டு ஒராள். "இல்லை, பருப்பெண்டவன்" எண்டு இன்னொராள். "சத்தம் போடாதேங்கோப்பா" எண்டு சத்தம் போட்டபடி மூண்டாம் ஆள். கடைசியாய்க் கனகரத்தினம் சேரே சாரத்தை மடிச்சுக் கட்டிக்கொண்டு முக்காலியிலை இருந்தார். அவர் சுத்தச் சுத்தக் குரல் வந்தது. வந்ததுதான், ஆனால் அவர் இளைக்கிற சத்தத்திலை அது ஒருத்தருக்கும் கேக்கேல்லை. நிப்பாட்டி மூச்செடுத்தார், றேடியோவும் நிண்டுது. திரும்பச் சுத்தேக்கை செய்தி முடிஞ்சு விளம்பரம் போய்க்கொண்டிருந்தது.

நான் சிரிச்சிட்டன். அடக்கப் பாத்தன், முடியேல்லை. ஸ்ரெல்லா என்ரை கையைக் கிள்ளினாள்.

சேர் முக்காலியிலை இருந்தபடியே வியர்வையைத் துடைச்சார். முகம் கறுத்துப் போச்சு. பத்மாவதி அக்காதான் கதைச்சா, சத்தம் போடாமல், வகுப்பிலை கணக்குச் சொல்லிக் குடுக்கிற குரலிலை.

"இனி அந்தப் பிள்ளையளின்ரை கடுதாசியைப் பாருங்கோ."

"அதை நாளைக்குப் பாப்பம்."

"நாகலிங்கம் மாஸ்டர் விடியப் போறார்."

"பத்மா, உது கொம்மிற்றி அலுவல். வீட்டு அலுவலில்லை. நான் இதோடை உடன்படேல்லை."

"உடன்பட வேண்டாம். என்னையும் வெட்டாமல், ஸ்ரெல்லாவையும் வெட்டாமல் அனுப்புங்கோ, அது காணும்." அவ துணியை எடுத்து நிதானமாய் மடிச்சா. "நாளைக்கும் செய்தி வரும்."

அப்பதான் விறாந்தையிலை இருந்தவைக்கு விசயம் விளங்கினது. நாளைக்கும் செய்தி வரும். நாளையிண்டைக்கும் வரும். ஏரம்பர் தன்ரை நொந்த கையை உருவிவிட்டுக்கொண்டு, "சேர், போட்டுவிடுங்கோவன். படிச்ச பிள்ளையள் எழுதினது பிழையாய் இருக்குமே" எண்டார். என்ன எழுதியிருக்கு எண்டே தெரியாத மனுசன். நமசிவாயம் சேர் தொண்டையைச் செருமி, "நானும் ஒருக்கால் வாசிச்சனான், அதிலை குறை சொல்ல ஒண்டுமில்லை" எண்டார். போன கிழமைதான் அவர் இதுக்கு எதிராய்த் தலையாட்டினவர். ஆம்பிளையளின்ரை நியாயம் எவ்வளவு கெதியாய்த் திரும்பும் எண்டு அண்டைக்குத்தான் கண்டன்.

"எங்கை, கொண்டு வாரும்" எண்டார் சேர் என்னைப் பாக்காமல்.

நான் தாளை நீட்டினன். ஸ்ரெல்லா விளக்கைத் தூக்கிப் பிடிச்சாள். அவர் பேனையை எடுத்தார், கை நடுங்கினது. கோபத்திலை இல்லை, பெடல் சுத்தின கை. ஒருக்கால் வைச்சுப் பாத்திட்டு எடுத்தார். மற்றக் கையாலை மணிக்கட்டைப் பிடிச்சுக்கொண்டு திரும்ப வைச்சார். அந்த வடிவான கையெழுத்துக்காரன் அண்டைக்குப் போட்டது முதலாம் வகுப்புப் பிள்ளை கிறுக்கின மாதிரிக் கோணல் மாணல். அவர் அதையே கொஞ்ச நேரம் பாத்துக்கொண்டிருந்தார். பிறகு பத்மாவதி அக்காவின்ரை மடியிலை கிடந்த கையைப் பாத்தார்.

நான் கவருக்குள்ளை வைக்க முதல் கடைசித் தாளைத் திரும்ப எடுத்தன். நிதியத்தின்ரை படிவத்திலை ஒவ்வொரு இயந்திரத்துக்கும் 'பயன்படுத்தப்படும் சக்தி மூலம்' எண்டு ஒரு இடம் இருந்தது. றேடியோவுக்கு நேரை நாங்கள் 'மனித வலு' எண்டு ரைப் பண்ணியிருந்தம். அதைப் பாக்க எனக்கே வெக்கமாய்ப் போச்சு. மனித வலுவாம். சேரின்ரை பேனையாலையே அதை வெட்டிப்போட்டு, 'திருமதி பத்மாவதி கனகரத்தினம்' எண்டு எழுதினன்.

"உது விஞ்ஞானமில்லை பராசக்தி" எண்டார் சேர்.

"வேணுமெண்டால் உங்கடை பேரையும் எழுதிவிடுறன் சேர். நீங்களும் சுத்தினனீங்கள்தானே."

நாங்கள் வெளிக்கிடேக்கை பத்மாவதி அக்கா டைனமோ வயரைக் கழட்டிக்கொண்டு நிண்டா. ஏரம்பரின்ரை மருமோன் ஒரு பக்கம் பிடிக்க, தன்ரை சைக்கிளை நிமித்தி வைச்சா. சீற்றிலை படிஞ்சிருந்த தூசியைக் கையாலை தட்டினா. நாங்கள் நேரை நாகலிங்கம் மாஸ்டர் வீட்டை போய், கவரை அவற்றை கையிலை குடுத்து, பைக்குள்ளை அவர் வைக்கிறதைக் கண்ணாலை கண்ட பிறகுதான் வீடு திரும்பினம்.

ஸ்ரெல்லாவின்ரை பதவியை முடிவு வருமட்டும் நீட்டினவை. தமையன் கோவிச்சுக் கொஞ்ச நாள் கடிதம் போடேல்லை. தைப்பொங்கல் கழிஞ்ச பிறகு கொழும்பிலையிருந்து ஆரோ கொண்டுவந்து தந்த கடிதத்திலை பதில் கிடந்தது. கேட்டதிலும் குறைவாய்த்தான் குடுத்தவை, ஆனால் குடுத்தவை. இணை ஆய்வாளர் எண்ட இடத்திலை ஸ்ரெல்லாவின்ரை பேர் அச்சிலை இருந்தது. லூர்த்தம்மா அந்த எழுத்தை வெடிச்ச விரலாலை தடவித் தடவிப் பாத்தா. எனக்கு அண்டைக்கும் அழுகை வந்தது. அது வேறை அழுகை.

கடிதத்தின்ரை அடியிலை ஒரு கேள்வியும் இருந்தது. முதற்கட்டக் காசு விட முதல் நாங்கள் கட்டாயம் பதில் எழுதவேணுமாம். 'வானொலிக் கருவிக்கான சக்தி மூலமாகத் தாங்கள் குறிப்பிட்டுள்ள திருமதி பத்மாவதி கனகரத்தினம், ஆய்வுக் காலம் முழுவதும் தடையின்றிக் கிடைக்கும் என்பதை உறுதிப்படுத்தவும்.'

எழுதினவன் வாசிக்காமலே படிவத்தைப் பாத்து நிரப்பியிருப்பான். நானும் ஸ்ரெல்லாவும் சிரிச்சுச் சிரிச்சு வயிறு நொந்து போனம். பிறகு அவள், "இதுக்கு நாங்கள் பதில் எழுதக்கூடாது அக்கா. அவவைத்தான் கேக்கவேணும்" எண்டாள்.

அடுத்தநாள் காலமை ஒழுங்கை முடக்கிலை பத்மாவதி அக்காவை மறிச்சம். சைக்கிளிலை பள்ளிக்கூடம் போய்க்கொண்டிருந்தவ. கூடைக்குள்ளை கொப்பியள். மணிக்கட்டிலை துணி இல்லை. இறங்காமல், ஒரு காலை நிலத்திலை ஊண்டிக்கொண்டு கடிதத்தை வாங்கி வாசிச்சா. சிரிக்கேல்லை. திரும்ப ஒருக்கால் வாசிச்சா. மடிச்சு என்ரை கையிலை தந்தா.

"கிடைக்காது எண்டு எழுதுங்கோ" எண்டுபோட்டு, பெடலிலை காலை வைச்சு உழக்கிக்கொண்டு போனா.